மேல் கிண்ணத்துப் பனைவெல்லம்

என் மனைவி சாகக் கிடந்தபோது, அவள் பெற்ற மகனை அவள் கண்ணில் காட்டாமல் மறைத்து வைத்தவன் நான்தான்.

அதோடு நிறுத்தியிருந்தால் வெறும் கல்நெஞ்சக்காரன் என்ற பெயரோடு போயிருக்கும். நிறுத்தவில்லையே! "அவனைக் கூப்பிடாதீர்கள், பரீட்சை எழுதட்டும்" என்று அவளே சொன்னதாக ஒரு பொய்யை உண்டாக்கி, செத்தவள் வாயில் வைத்தேன். அந்தப் பொய்யை ஒவ்வொரு வருடமும் எங்கள் கோவிலில் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்கிறார்கள். நான் முதல் பெஞ்சில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்...

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மண்டியிட்டு எத்தனையோ சொல்லியிருக்கிறேன். குடித்ததை, கை நீட்டியதை, கோபத்தில் வாய்விட்டதை எல்லாம். இதை மட்டும் சொன்னதில்லை. சாமியாரிடம் சொல்லாததை உங்களிடம் ஏன் சொல்கிறேன்? உங்களால் என்னை மன்னிக்க முடியாது. அதனால்தான்.

முதலில் நான் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். சும்மா ஆள் இல்லை நான்! அம்பத்தூர் எஸ்டேட்டில் இறங்கி "ஹார்டனிங் சவரிமுத்து" என்று கேளுங்கள், டீக்கடைக்காரன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வழி காட்டுவான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஒரு பட்டறையில் சாம்பல் அள்ளும் கூலியாக நுழைந்தேன். பிறகு அதே பட்டறைக்கு முதலாளியானேன். கொரட்டூரில் ஏரிக்காற்று வரும் இடத்தில் மாடி வீடு. எங்கள் தெருவில் முதல் கார் என்னுடையது. யாராவது கொடுத்தார்களா? ஒருவன் கொடுக்கவில்லை. எல்லாம் இந்தக் கை.

லாரிக்கும் டிராக்டருக்கும் வேண்டிய பல்சக்கரங்களை உலையில் பழுக்கக் காய்ச்சி, எண்ணெய்த் தொட்டியில் முக்கி, தேயாதபடி கெட்டிப்படுத்துவது என் தொழில். அந்தத் தொழிலில் எனக்கு ஒரே சட்டம். உள்ளே சரக்கு இருக்கும்போது உலைக் கதவைத் திறக்கக் கூடாது. கம்பெனி முதலாளி வந்து நின்றாலும் சரி, பக்கத்து ஷெட் தீப்பற்றினாலும் சரி. திறந்தால் குளிர்ந்த காற்று அடிக்கும், இரும்பு கோணும், மயிரிழை போல ஒரு விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாது அது. வண்டியில் மாட்டி ஓடும்போது, எங்கோ ஒரு மேட்டில் பாரம் ஏறும்போது, பட்டென்று உடையும். சுத்தியலால் தட்டிக் கேட்டால் மட்டும் தெரியும். நல்ல சரக்கு மணி போல் பாடும். விரிசல் விட்டது 'தொப்' என்று சொல்லும்.

இந்தச் சட்டம்தான் என்னை முதலாளியாக்கியது. இதே சட்டத்தால்தான் என் வீட்டையும் கெடுத்தேன்.

என் மகன் பிரான்சிஸ். கணக்கில் புலி. சி.ஏ. படித்தான். எங்கள் பரம்பரையில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். என் மகன் ஆடிட்டர்! இந்த வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு நான் எஸ்டேட் முழுக்கச் சுற்றினேன். அவன் கடைசிப் பரீட்சை எழுதும் முன்பே, "எங்க ஆடிட்டர் வந்தா சொல்றேன்" என்று பேச ஆரம்பித்துவிட்டேன்.

ஆனால் அவனுக்கு ஒரு குறை. மனசு நடுங்கும். முதல் தடவை எழுதப் போன காலையில் எங்கள் தெருவில் ஒரு சாவு. மேளச் சத்தத்துக்கு நடுவேதான் அவன் கிளம்பிப் போனான். ஹாலில் கேள்வித்தாளைப் பார்த்ததும் கை உதறி, வாந்தி எடுத்து, பாதியில் எழுந்து வந்துவிட்டான். எஸ்டேட்டில் ஒருவன் என்னிடமே கேட்டான்: "இன்னா முதலாளி, ஆடிட்டர் இன்னும் வர்லியா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அந்தச் சிரிப்பு என் காதில் இன்னும் இருக்கிறது.

அடுத்த தடவைக்கு நானே பொறுப்பெடுத்துக்கொண்டேன். மனதை அமைதியாக வைப்பது எப்படி என்று என்னிடம் கேளுங்கள்! கள்ளிக்குப்பத்தில் என் நண்பன் புதிதாகக் கட்டிய வீடு காலியாகக் கிடந்தது. அக்கம்பக்கம் அப்போது வெறும் பொட்டல். மகனை அங்கே கொண்டுபோய் வைத்தேன். பேப்பர் கிடையாது, ரேடியோ கிடையாது, சிநேகிதன் கிடையாது. பரீட்சை நடக்கும் நேரம் எதுவோ, அதே நேரத்துக்குத் தினமும் பழைய கேள்வித்தாளை வைத்து எழுத வேண்டும். ஹாலில் இருப்பது போலவே ஒரு மர நாற்காலி. அதே பேனா. முந்தின இரவு புதிதாக எதையும் படிக்கக் கூடாது. மூச்சை மெதுவாக இழுத்துவிட்டு, தெரிந்த கேள்வியை முதலில் தொட வேண்டும். அவன் முகத்தை நான் ஒருவன்தான் பார்ப்பேன், சாப்பாட்டுக் கேரியரோடு.

என் மனைவி லூர்துமேரி வாசலில் நின்று கத்தினாள்.

"புள்ளய இன்னான்னு நெனச்சிகினே? உன் அடுப்புல வெக்கிற இரும்புன்னா?"

"இரும்பு கூட இவன மாரி நடுங்காதுடி. நீ சும்மா இரு."

"நானும் வந்து பாக்கக் கூடாதாக்கும்?"

"பரீச்ச முடியட்டும். கதவத் தொறக்கக் கூடாது."

"கதவாம் கதவு! பெரிய சொர்க்கத்துக் கதவு, இவுரு காவல் சம்மனசு!" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஆனால் கேரியர் கட்டினாள். குழம்பு, பொரியல், ரசம் எல்லாவற்றுக்கும் மேலே, மேல் கிண்ணத்தில், ஒரு துண்டு பனைவெல்லம் வைப்பாள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு வாய் கசக்கக் கூடாதாம். மூடியைப் போட்டு, கட்டைவிரலால் அதன்மேல் சிலுவை வரைந்து என் கையில் கொடுப்பாள். நான் சிரிப்பேன். அவன் மட்டும் அந்தத் துண்டை முதலில் எடுத்து வாயில் போட்டுக்கொள்வான்.

பரீட்சை தொடங்கும் வாரம் மழை பிடித்துக்கொண்டது. அந்த வாரம்தான் அவள் கண் மஞ்சளானது.

மஞ்சள் காமாலை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், போய்விடும் என்றார்கள். போகவில்லை. ஒரு மதியம் சோற்றுப் பானையைப் பிடித்தபடியே அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஈரல் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். "நெருங்கின சொந்தம் இருந்தா வரச் சொல்லிடுங்க" என்றார். அவர் சொன்ன விதத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கவில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

மகன் அன்றுதான் முதல் தாளை எழுதிவிட்டு வந்திருந்தான். "அப்பா, கை நடுங்கலப்பா" என்று சிறுபிள்ளை போலச் சிரித்தான். உலை சிவந்துகொண்டிருந்தது... எப்படித் திறப்பேன்?

அவளுடைய தம்பி லாரன்ஸ் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னை மடக்கினான். என் பட்டறையில்தான் அவனுக்கு வேலை.

"மாமா, அக்கா புள்ளய கேக்குது. கண்ணத் தொறந்தா 'பிரான்சி எங்க'ன்னுதான் கேக்குது. நீ இன்னாத்துக்கு இப்படி கல்லு மாரி நிக்கிறே?"

"பரீச்ச நடக்குது மச்சான். தெரிஞ்சா ஒடஞ்சிடுவான்."

"பரீச்ச ஆறு மாசம் போனா திரும்ப வரும். அக்கா வருமா?"

பதில் இல்லாதபோது நான் என்ன செய்வேன் தெரியுமா? முதலாளியாகிவிடுவேன்.

"கள்ளிக்குப்பம் பக்கம் உன் கால் போச்சின்னா, மறுநாள் பட்டறை கேட்டுக்குள்ள உன் கால் வராது. பாத்துக்கோ."

அவன் என்னைப் பார்த்தான். மூன்று பெண்பிள்ளைகளைப் பெற்றவன். வாயை மூடிக்கொண்டான். அவன் வாயை மூடியதும் நான்தான்...

இனிமேல் கேரியர் யார் கட்டுவது? லாரன்ஸின் மனைவி சமைத்தாள். முதல் நாளே மகன் ரசத்தை வாயில் வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"என்னப்பா, அம்மா கை மாதிரி இல்லையே?"

"அம்மாவுக்கு ஜலதோஷம்டா. உன் அத்த சமைச்சா."

"ரொம்பவா?"

"தும்மிகினு கீறா. உனக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னுதான் சமையல்கட்டுக்கே வர்ல."

அவன் கேரியரின் மேல் கிண்ணத்தை மறுபடி எடுத்துப் பார்த்தான். உள்ளே ஒன்றும் இல்லை. அவன் முகம் சுருங்கியது. விரல் லேசாக நடுங்கியதை நான் பார்த்தேன்.

மறுநாள் நானே கொரட்டூர் கடையில் பனைவெல்லம் வாங்கினேன். உடைத்து, ஒரு துண்டை மேல் கிண்ணத்தில் வைத்தேன். மூடியின் மேல் கட்டைவிரலால் சிலுவைகூட வரைந்தேன்! அதை யாரும் பார்க்கப் போவதில்லை. இருந்தும் வரைந்தேன். ஏன் வரைந்தேன்? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அவன் அதைப் பார்த்துச் சிரித்தான். "ஜலதோஷத்துலயும் மறக்கல பாரு!" என்றான். வாயில் போட்டுக்கொண்டான். நடுக்கம் நின்றது. அன்றிலிருந்து தினமும் வைத்தேன்.

காலையில் மகனைக் காரில் பரீட்சைக்குக் கொண்டுபோய் விடுவேன். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. அவள் கட்டிலின் தலைமாட்டில், அப்போது மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் சின்ன மகள் ஜெசிந்தா உட்கார்ந்திருப்பாள். வெகுகாலம் கழித்துப் பிறந்த குழந்தை. பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அம்மாவை விட்டு எழுந்து வரமாட்டேன் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சின்னப் பெண், என்ன புரியும் என்று நானும் விட்டுவிட்டேன்.

லூர்து நாளெல்லாம் மயக்கத்தில் கிடப்பாள். திடீரென்று கண் திறந்து, வாசல் பக்கம் பார்ப்பாள். யார் உள்ளே வந்தாலும் தலையைத் தூக்கப் பார்ப்பாள். நர்ஸ் என்று தெரிந்ததும் தலை தலையணையில் விழும். அந்தச் சத்தம்... தலையணையில் தலை விழுந்தால் சத்தம் வருமா? எனக்குக் கேட்டது.

சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்கான அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார். எண்ணெய் பூசும் முன் சுற்றிலும் பார்த்தார். "பெரிய பையன் எங்க?" என்றார். "வெளியூர்ல இருக்கான் சாமி" என்றேன். கையில் நற்கருணையோடு நின்றவரிடம் சொன்ன பொய் அது.

அன்று சாயங்காலம் அவளுக்கு நன்றாக நினைவு வந்தது. என் கையைப் பிடித்தாள். சூடு இல்லாத கை.

"பிரான்சி வந்தானா?"

என் வாயில் வந்தது: "வந்தான் லூர்து. நீ தூங்கிகினு இருந்தே. எழுப்பாதீங்கன்னு சொல்ட்டு, பாத்துட்டுப் போனான்."

அவள் முகம் மலர்ந்தது. சத்தியமாக மலர்ந்தது! பொய்க்கு இவ்வளவு நல்லது செய்யும் சக்தி இருக்கிறதே என்று ஒரு கணம் எனக்குப் பெருமைகூட வந்தது. என்ன மனுஷன் நான்!

"என்னத் தொட்டானா?"

"தொட்டான்."

"எங்க தொட்டான்?"

"நெத்தியில... கையை வெச்சி, ஜெபம் சொன்னான்."

அவள் என்னையே பார்த்தாள். மலர்ந்த முகம் மெல்ல மெல்ல மூடியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரான்சிஸ் பால்குடிக் காலத்திலிருந்தே அம்மாவின் காதுமடலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். வளர்ந்து மீசை வைத்த பிறகும், வெளியே போனாலும் வந்தாலும், அவள் காதுமடலை இரண்டு விரலால் ஒரு கிள்ளு. "போடா எருமை" என்று அவளும் தட்டிவிடுவாள். தினமும் என் கண் முன்னால் நடந்தது. உலை முன்னால் நின்று இரும்பின் நிறத்தை மட்டுமே பார்த்துப் பழகிய எனக்கு, என் வீட்டில் நடந்தது கண்ணில் தங்கவில்லை.

அவள் என் கையை விட்டாள். தன் காதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் அவனைக் கேட்கவே இல்லை. ஒரு தடவைகூட. யார் உள்ளே வந்தாலும் தலை திரும்பவில்லை.

கடைசித் தாள் அன்று விடியும் நேரத்தில் போய்விட்டாள்.

இப்போதாவது திறந்தேனா? நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. இல்லை! லாரன்ஸைக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். நான் கேரியரைக் கட்டினேன். பனைவெல்லத்தை உடைத்து மேல் கிண்ணத்தில் வைத்தேன். மழையில் காரை எடுத்துக்கொண்டு கள்ளிக்குப்பம் போனேன்.

காரில் மகன் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டிக் காட்டினான். "இங்க பாருப்பா, ஆடவே இல்ல. கல்லு மாதிரி இருக்கு." உண்மைதான். அவன் கை அசையவில்லை. ஸ்டீயரிங்கில் இருந்த என் கைதான் ஆடிக்கொண்டிருந்தது. மழை, ரோடு பள்ளம் என்று ஏதோ சொன்னேன்.

சாயங்காலம் வெளியே வந்தவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "முடிச்சிட்டேம்பா! அம்மாவப் பாக்கலாம், சீக்கிரம் போ" என்றான். கொரட்டூர் ரயில்வே கேட் தாண்டும்வரை பேசிக்கொண்டே வந்தான். தெரு முனையில் ஷாமியானா தெரிந்தது. வெளியே செருப்புகள். அவன் பேச்சு நின்றது. யார் வீட்டில் என்று கேட்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. காரை நிறுத்தும் முன்பே இறங்கி ஓடினான்.

அவன் அழவில்லை. பெட்டியின் பக்கத்தில் மண்டியிட்டு, அவள் காதுமடலை இரண்டு விரலால் பிடித்தான். வெகுநேரம் பிடித்தபடியே இருந்தான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"என்னக் கேட்டாங்களாப்பா?"

ஒரு பெரிய கூட்டம் என் வாயைப் பார்த்தது. எஸ்டேட் முதலாளிகள், கோவில் ஆட்கள், சொந்தக்காரர்கள். கேட்டாள்டா, கண் திறந்தபோதெல்லாம் கேட்டாள் என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் என்னை அடித்திருப்பான். அடிக்க விட்டிருக்க வேண்டும்.

நான் சொன்னேன்: "உன்னக் கூப்புடக் கூடாதுன்னு என் கையில அடிச்சி சத்தியம் வாங்கிகினாடா உங்கம்மா. 'எம்புள்ள நிம்மதியா எழுதட்டும், நான் போனாலும் அவங்கிட்ட சொல்லாதீங்க'ன்னா. கடசி வரைக்கும் அந்த வெல்லத்த மறக்காம வெக்கச் சொன்னா."

பெண்கள் ஓவென்று அழுதார்கள். "மகராசி!" என்றார்கள். அவன் அப்போதுதான் உடைந்து அழுதான். அவனைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த லாரன்ஸ் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினான். அடக்கம் முடிந்ததும் ஆவடிப் பக்கம் போனவன்தான். பட்டறைக்கும் வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. மூன்று பெண்களையும் எப்படிக் கரையேற்றினானோ, நான் கேட்டதில்லை.

மகன் பாஸானான். எஸ்டேட்டில் லட்டு கொடுத்தேன். அன்று என்னைப் பார்த்துச் சிரித்தவனைத் தேடிப் போய் அவன் கையில் இரண்டு லட்டு வைத்தேன்.

இப்போது சொல்லுங்கள்... யாருக்காகச் செய்தேன்? பிள்ளையின் படிப்புக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருடங்களை ஓட்டினேன். லாரன்ஸ் சொன்னது போல அந்தப் பரீட்சை ஆறு மாதத்தில் மறுபடி வரும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மறுபடியும் ஒருவன் என்னைப் பார்த்துச் சிரிப்பானே! அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு சிரிப்புக்குப் பயந்து, ஒருத்தியின் கண் வாசலிலேயே காய்ந்துபோக விட்டேன்.

என் பொய் என்னைவிட நன்றாக வளர்ந்தது. பிரான்சிஸ் கரையான்சாவடியில் ஆபீஸ் போட்டான், பெரிய ஆடிட்டரானான். ஒவ்வொரு வருடமும் பரீட்சைக் காலத்துக்கு முன் எங்கள் கோவிலில் பிள்ளைகளின் பேனாக்களையும் ஹால் டிக்கெட்களையும் மந்திரித்துக் கொடுப்பார்கள். பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்ல என் மகனைக் கூப்பிடுவார்கள். "பயப்படாதீங்க. முன்கூட்டியே தயாராகுங்க. மனச அமைதியா வெச்சிக்கோங்க. எங்க அம்மா சாவுப் படுக்கையிலகூட என் மனசு கலங்கக் கூடாதுன்னு நெனச்சவங்க. கடைசி நாள்கூட கேரியர்ல பனைவெல்லம் வந்துச்சு..." என்று சொல்லும்போது எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். நான் தலையை மெல்ல அசைப்பேன். என் பக்கத்தில் பாப்பா உட்கார்ந்திருப்பாள், தலை குனிந்தபடி. அம்மா நினைவு என்று நினைத்துக்கொள்வேன்.

பாப்பாவும் அண்ணன் வழியிலேயே சி.ஏ. படித்தாள். இதோ, அவளுக்குக் கடைசிப் பரீட்சை. பட்டணத்தில் ஹாஸ்டலில் இருக்கிறாள்.

எனக்கு இதயத்தில் அடைப்பு. மூன்று இடத்தில். நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட முடியாது, வயதும் ஆகிவிட்டது, முன்கூட்டி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார்கள். தேதி அவள் பரீட்சைக்கு நடுவே விழுந்திருக்கிறது.

பிரான்சிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "பாப்பாகிட்ட சொல்ல வேணாம்ப்பா. அவளும் என்ன மாதிரிதான், பயந்துடுவா. பரீட்சை முடியட்டும். அம்மா இருந்தா இதத்தான் சொல்லியிருப்பாங்க."

அவனுடைய குரலைக் கேட்டேன். நான் கெட்டிப்படுத்திய சரக்கு. ஒரு கோணல் இல்லை.

நான் என்ன சொல்ல முடியும்? 'இல்லடா, உங்கம்மா அப்படிச் சொல்லலடா' என்றா? தலையை அசைத்தேன். கோவிலில் அசைப்பது போலவே.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நாள், ஹாலில் போன் அடித்தது. பாப்பா. என் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்ற பிரான்சிஸ், விரலை உதட்டில் வைத்துக் காட்டினான்.

"அப்பா, நல்லா இருக்கியா?"

"கல்லு மாரி கீறேன் பாப்பா. நீ சாப்ட்டியா?"

"அண்ணன் ஒழுங்காவே பேச மாட்டேங்கிறான். ஃபோன் பண்ணா 'படி படி'ன்னு வெச்சிட்றான். எனக்குப் பயமா இருக்குப்பா."

"அவன் எப்பவும் அப்டித்தானே. நீ பாடத்தப் பாரு."

அவள் மெல்லச் சொன்னாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரில அம்மா அண்ணன் எங்க எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்கப்பா. நான் கட்டில் பக்கத்துலதான இருந்தேன். நீ நெத்தியில தொட்டான்னு சொன்னதும் அம்மா திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."

இத்தனை வருடமும்... பெஞ்சில் என் பக்கத்தில்... தலை குனிந்தபடி!

"யார்கிட்டயும் சொன்னதில்ல. சொல்லவும் மாட்டேன். அண்ணன் தாங்க மாட்டான். ஆனா எனக்கு அப்படிப் பண்ணிடாதப்பா. எதுவா இருந்தாலும் என்னக் கூப்புடு. பரீட்சைய விட்டுட்டு வரேன். நான் ஒண்ணும் உடைஞ்சிட மாட்டேன்."

ஒரே ஒரு வார்த்தை போதும். 'வா' என்றால் போதும். ஒரே எழுத்து! மூன்றாம் வகுப்புக்காரனுக்கும் தெரிந்த எழுத்து!

வாசலில் பிரான்சிஸ் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். இவள் வந்தால் அவன் ஏன் சொன்னாய் என்பான். இவள் வாயைத் திறந்தால் அம்மாவின் பேச்சு வரும். அவனுடைய அம்மாவை நான் இரண்டாம் முறை கொன்றவனாவேன்... இப்படியெல்லாம் யோசித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அது இல்லை. என் மகன் கண்ணில் நான் என்ன ஆவேன் என்று மட்டும்தான் யோசித்தேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "நீ நிம்மதியா எழுது."

என் குரல் எனக்கே கேட்டது. சுத்தியலால் தட்டினால் வருமே அந்தச் சத்தம், 'தொப்' என்று. அவளுக்கும் கேட்டிருக்கும். என் மகள்தானே.

"சரிப்பா" என்றாள். போனை வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.

ஆபரேஷனுக்கு இன்னும் பொழுது இருக்கிறது. இங்கே வெள்ளை விரிப்பில் கிடந்து இதை எழுதுகிறேன். எழுத்து கோணுகிறது. சாயங்காலமானால் பிரான்சிஸ் வருவான். நேற்று வந்தவன் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து சந்தோஷமாகச் சொன்னான்:

"பாப்பா நல்லா எழுதறாளாம்ப்பா. தினமும் நம்ம வீட்டுச் சாப்பாடுதான் கேரியர்ல போகுது. மேல் கிண்ணத்துல ஒரு துண்டு பனைவெல்லம் வெச்சு அனுப்பறேன். கொண்டுபோற பையன்கிட்ட, அப்பா கையாலயே எடுத்து வெச்சாருன்னு சொல்லச் சொன்னேன்."

அவள் அதைத் திறந்து பார்த்திருப்பாள். வாயில் போட்டிருப்பாளா? தெரியாது.

வராந்தாவில் யாரோ வரும் செருப்புச் சத்தம் கேட்டால் என் தலை தானாக எழும்புகிறது. நர்ஸ். விழுகிறது. மறுபடி சத்தம். மறுபடி எழும்புகிறது.

லூர்துவால் சுவர்ப் பக்கம் திரும்ப முடிந்தது. எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.